நடப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வாக்’ தவிர என்ன சொற்கள் உண்டு? எதை எங்கே போடுவது?

பட்டியலை மனப்பாடம் செய்யும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் நடையின் தினுசு தனி, வினை தனி: நொண்டி நொண்டி வந்தான், தள்ளாடிக்கொண்டே போனான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வினைக்குள் அடைத்துவிடும். ‘நொண்டிக்கொண்டே அறைக்குள் வந்தான்’ என்பதை ‘ஹி கேம் இன்டு த ரூம் பை லிம்ப்பிங்’ என்று எழுதினால் தமிழ் வாடை அடிக்கும். ‘ஹி லிம்ப்ட் இன்டு த ரூம்’, அவ்வளவுதான். ‘உள்ளே வந்தான்’ என்கிற வேலையை ‘இன்டு’ பார்த்துக்கொள்கிறது. வெளியே போனால் ‘அவுட் ஆஃப்’, குறுக்கே கடந்தால் ‘அக்ராஸ்’. லிம்ப்ட் அப்படியே இருக்கும்.

மற்றவற்றுக்கும் இதே அச்சுதான். குடித்தோ தலைசுற்றியோ தள்ளாடினால் ஸ்டாகர். களைத்துப்போய் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்தால் ட்ரட்ஜ். தூங்குகிறவர் எழுந்துவிடாமல் நுனிக்காலில் போனால் டிப்டோ. குழந்தை தத்தித் தத்தி நடப்பது டாடில். ‘டாட்லர்’ அதிலிருந்து வந்ததே. வாத்துபோல அசைந்து போவது வாடில். பெரியவர்களைச் சொன்னால் கேலியாகிவிடும், ஜாக்கிரதை. காலாற நடப்பது ஸ்ட்ரோல். சான்டர் அதைவிடச் சாவகாசம், கொஞ்சம் மிதப்பும் உண்டு. அரை மணி தாமதமாக வந்தவரைப் பற்றி ‘ஹி சான்டர்ட் இன்’ என்று மெயில் வந்தால், எழுதியவர் கடுப்பில் இருக்கிறார் என்று அர்த்தம்.

நம்மிடம் அதிகம் காணும் பிழை ‘ஐ கேம் பை வாக்’. பை பஸ், பை ட்ரெயின் பழக்கத்தில் வருவது. ‘ஐ வாக்ட்’ போதும். வேண்டுமானால் ‘ஆன் ஃபுட்’. காலை நடைக்கு ‘கோயிங் ஃபார் எ வாக்’. அங்கே ‘வாக்கிங்’ வேண்டாம். எழுத்தில் இருக்கும் ‘எல்’ உச்சரிப்பில் கிடையாது; ‘வால்க்’ தவறு.

மரபுத்தொடர்களில் சின்னச் சொல்தான் கவிழ்க்கும். ‘வாக் அவுட்’ சட்டமன்ற வெளிநடப்பு. பின்னால் ஓர் ‘ஆன்’ ஒட்டி, ‘வாக்ட் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி’ என்றால் குடும்பத்தை நட்டாற்றில் விட்டுப் போய்விட்டான்.

வாக்ஓவர், கேக்வாக் இரண்டையும் ‘சுலபமான வெற்றி’ என்று ஒன்றாகப் போடுகிறார்கள். வாக்ஓவர் குதிரைப் பந்தயச் சொல்: போட்டிக்கு வேறு குதிரை இல்லாவிட்டால், இருக்கும் ஒன்று பாதையை நடந்தே முடித்தாலும் வெற்றிதான். எதிரணி வராதபோது இன்றும் அதைத்தான் சொல்கிறோம். கேக்வாக், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் ஆடிய நடன நடை. பரிசு கேக். இன்று ‘மிகச் சுலபமான காரியம்’ என்று பொருள்.

‘டேக் எ ஹைக்’ என்று யாராவது முறைத்தபடி சொன்னால் மலையேற அழைக்கவில்லை; இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்.