முதலில் கிரீடத்தை இறக்குங்கள்

கேள்வி: ஐரோப்பியப் பாணியில் எனக்கென்று ஒரு மரபுச் சின்னம் வரைந்திருக்கிறேன். நீலக் கேடயம், நடுவில் கறுப்பு வாள், சுற்றிலும் சிங்கம், கழுகு, புத்தகம், தராசு, விளக்கு, மேலே கிரீடம். நீலம் உண்மையையும் கறுப்பு உறுதியையும் குறிக்கும் என்று படித்தேன். என் குடும்பப் பெயருக்கான சின்னம் என்று ஒன்று விலைக்குக் கிடைக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இருப்பதிலேயே பாதிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கிறது.

கிரீடம் முதலில் போகட்டும். இந்த மரபில் கிரீடமும் தலைக்கவசமும் வெறும் அலங்காரம் இல்லை, அந்தஸ்தைச் சொல்பவை. இங்கிலாந்து வழக்கப்படி பொன்னிறக் கவசம் நேரே நம்மைப் பார்த்தால் அது அரசருக்கு உரியது. முகம் மூடிய இரும்புக் கவசம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் பட்டமில்லாத கனவானுக்கு. இல்லாத பதவியைத் தலையில் தூக்கி வைப்பானேன்?

அப்புறம் அந்த வாள். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், நீலத்துக்குள் கறுப்பு அமுங்கிப்போயிருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் இரும்புக்குள் முகம் மறைந்த வீரர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்ட வளர்ந்த கலை இது, அதனால் இதில் கறாரான ஒரு விதி உண்டு: மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்ற உலோகங்கள், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிறங்கள், நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக்கூடாது. வெள்ளியின் மேல் பொன் சிலுவைகள் வைத்த ஜெருசலேம் அரசின் சின்னம் இந்த விதியை மீறியதாலேயே பேர்பெற்றது. வாளை வெள்ளையாக்குங்கள், தீர்ந்தது. நீலம் என்றால் உண்மை என்கிற பட்டியலெல்லாம் பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தது, அதை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. இத்தனை பொருள் வைத்தும் அந்தக் கேடயத்தில் நீங்கள் எங்குமே இல்லை. 2011-இல் இளவரசர் வில்லியமுக்கும் கேத்தரின் மிடில்டனுக்கும் நடந்த திருமணத்தையொட்டி, கேத்தரினின் தந்தைக்கு, இப்படிச் சின்னங்களை வழங்கும் அமைப்பான லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் கொடுத்த சின்னத்தைத் தேடிப் பாருங்கள். கேடயத்தில் பாதி நீலம், பாதி சிவப்பு, நடுவே கூரை போல ஒரு பொன் பட்டை, அதைச் சுற்றி இலையும் காம்புமாக மூன்று ஓக் மரக்கொட்டைகள். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கொட்டைகள். அவர்கள் வளர்ந்த இடத்தைச் சுற்றி ஓக் மரங்கள் அதிகம். அம்மா பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித், அதாவது பொற்கொல்லர், அதற்குத்தான் அந்தப் பொன். சிங்கமும் இல்லை கழுகும் இல்லை, ஆனால் வேறு எந்தக் குடும்பத்துக்கும் அது பொருந்தாது.

விலைக்குக் கிடைக்கிறதே, அது யாரோ ஒருவருடையது. இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் வழங்கப்படுகிறது, ஒரு குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் இல்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? இத்துறையில் சின்னத்தை வார்த்தையில் சொல்லும் விவரணைதான் அதிகாரபூர்வமானது, ஓவியர் அதைத் தன் கைவாக்கில் வரைந்துகொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் தந்தைக்கு 1596-இல் கிடைத்த சின்னத்தில் கேடயத்துக்கான விவரணை இவ்வளவுதான்: பொன் கேடயம், சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அதன் மேல் வெள்ளிமுனை கொண்ட பொன் ஈட்டி. உங்கள் பெயர், தொழில், வளர்ந்த இடம் இவற்றிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுத்து அதே மாதிரி ஒரு வரி எழுதி அனுப்புங்கள். படம் அப்புறம்.