புது ஷூ போட்டும் பிக்கப் வண்டியில் பின் பிரேக் பிடிக்கவில்லை, எங்கே பார்ப்பது?

ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசி சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை) புதிது, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும் லேத்தில் கடைந்தாகிவிட்டது, ஆனாலும் லோடு ஏற்றினால் பின்பக்கம் பிரேக்கே இல்லாத மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். நானும் கோத்தகிரியிலிருந்து மலை இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், உருளைக்கிழங்கு இறக்குகிற பிக்கப் ஓட்டுகிறேன். அந்த இறக்கத்தில் பின் பிரேக் வேலை செய்யாவிட்டால் முன்பக்கம் சூடேறி நாற்றம் வந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் லோடோடு ஒரு மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுப் பாருங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பதும் அதே பின் ஷூவைத்தான். வண்டி அசையாமல் நின்றால் ஷூவும் டிரம்மும் நன்றாக இருக்கின்றன, கோளாறு பிரேக் ஆயில் வருகிற வழியில். நகர்ந்தால் டிரம்மைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றினால் முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷூவைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கும்போது நீர்த்த ஆயில் வழிந்தால் சிலிண்டர் கசிகிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில்), அதைத் தடுக்கும் ஆக்சில் சீல் போய்விட்டது. சீல் அடிக்கடி போகிறதென்றால் ஆக்சில் மேலே இருக்கும் பிரீதர் (காற்று போகும் சின்ன வழி) சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள், உள்ளே அழுத்தம் கூடி சீலைத் தள்ளிவிடும். ஆயில் குடித்த லைனிங்கை (ஷூவின் உரசும் பரப்பு) தேய்த்து மாட்டுவது வீண்.

நீங்கள் டிரம் கடைந்ததாகச் சொல்வதால் இன்னொன்று. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே அச்சாகியிருக்கும். அதைத் தாண்டிக் கடைந்திருந்தால் புது ஷூ நடுவில் மட்டும்தான் உரசும்.

ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது அட்ஜஸ்டர். அதன் ஸ்டார் வீலில் (பல் வைத்த சின்னச் சக்கரம்) இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். பக்கம் மாறி மாட்டினால் இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும். பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் மேலே வருகிறதென்றால் பெரும்பாலும் இந்த இடைவெளிதான். அதற்கு ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. கேபிள் ஷூவை இழுத்தே வைத்திருந்தால் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யாது. கேபிளைத் தளர்த்திவிட்டு ஸ்டார் வீலைத் திருப்புங்கள், கேபிள் கடைசியில்.

இனி, உங்கள் வண்டியில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கும் இடம்: எல்.எஸ்.பி.வி., அதாவது லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. சேஸில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், இல்லையென்றால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். ஆகவே காலி வண்டியில் பின் பிரேக் லேசாகத் தெரிவது கோளாறே இல்லை. லோடிலும் அப்படியே இருப்பதுதான் கோளாறு.

ஓவர்லோடு தாங்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருக்கிறீர்களா? நம் ஊரில் பாதிப் பேர் போடுகிறோம். பட்டை போட்டதும் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு நீங்கள் எத்தனை ஷூ மாற்றினாலும் அழுத்தம் வராது. கம்பியின் நீளத்தை மேனுவல்படி திரும்ப அமைக்க வேண்டும். பட்டை போடாத வண்டி என்றால் கீழே படுத்து அந்தக் கம்பி இணைந்திருக்கும் வால்வு லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், துருவும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போயிருக்கலாம்.

சில மெக்கானிக்குகள் லீவரை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவார்கள். லோடில் பிரேக் அருமையாக இருக்கும். மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாக, மழையில் மலை ஏறும்போது மிதித்தால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். அதை மட்டும் செய்ய விடாதீர்கள்.

அதுவும் சரியாக இருந்தால் ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறதா பார்த்து, புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுங்கள் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்). மூடியில் டாட் 3 அல்லது 4 எது போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். ஏர் எடுக்கும்போது சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். ஆக்சில் தொங்கினால் வால்வு மறுபடி அடைத்துக்கொள்ளும், பின்னால் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.