மயக்க மருந்துக் கருவிகளைக் கழுவ முதலில் நல்ல தண்ணீர் வேண்டும்

தொண்டிப் பக்கம் நாய், பூனைகளுக்கான சிறு மருத்துவமனை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் நீங்கள், ஈ.டி. டியூப் (மூச்சுக்குழாய்க்குள் செருகும் குழாய்), முகமூடி, லாரிங்கோஸ்கோப் (அதைச் செருகும்போது தொண்டையைப் பார்க்க உதவும் விளக்குள்ள கருவி), மூச்சுச் சுற்றுக் குழாய்கள் (மயக்க இயந்திரத்தையும் விலங்கையும் இணைப்பவை) ஆகியவற்றைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த வாளியில் ஊறவைத்து எடுத்தால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊறவைப்பது மட்டும் போதாது. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டிய தேவை இல்லை, சிலவற்றை வைக்கவே கூடாது. இதே கடற்கரையில், கீழக்கரைப் பக்கம், பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்த்துவரும் எனக்கு இதில் உறுதியாகத் தோன்றும் கருத்து ஒன்று உண்டு: எந்த மருந்தில் ஊறவைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், எந்தத் தண்ணீரில் கழுவுவது, எந்தத் தண்ணீரில் கரைப்பது என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.

நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காத அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடு, சல்பேட்டு, கார்பனேட்டு ஆகியவை குளோர்ஹெக்சிடினோடு சேர்ந்து கரையாத உப்புகளாக மாறுவதால், மருந்தின் ஒரு பகுதி வாளியின் அடியில் வெண்மையாகப் படிந்துவிடுகிறது. கரைசல் கலங்கலாகத் தெரிந்தால் அதில் நீங்கள் ஊற்றிய அளவு மருந்து இல்லை என்றே கொள்ள வேண்டும். இதோடு, சாதாரணச் சோப்பின் மிச்சம் டியூப்பில் ஒட்டியிருந்தாலும் குளோர்ஹெக்சிடின் செயலிழக்கும். ஆகவே சோப்பிட்டுக் கழுவியதை நன்றாக அலசாமல் அந்த வாளியில் போடுவது மருந்தை வீணாக்குவதாகும். அவசரத்தில் பிளீச்சிங் திரவத்தையும் குளோர்ஹெக்சிடினையும் ஒரே வாளியில் கலப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அந்தக் கலவையில் உருவாகும் பழுப்பு நிற வண்டல் கருவியில் ஒட்டிக்கொள்வதோடு நச்சுத்தன்மையும் உடையது.

எங்கள் மருத்துவமனையில் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் அதை மூடியுள்ள தனிக் கேன்களில் பிடித்து, கருவி கழுவுவதற்கென்று மட்டும் வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் வராத நாள்களில் ஆர்.ஓ. கேன் வாங்குகிறோம். தரை கழுவ உப்புத் தண்ணீர் போதும். கருவிகளுக்கு அது வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த லாரிங்கோஸ்கோப் பிளேடு, எவர்சில்வராகவே இருந்தாலும், சிறு சிறு குழிகளாக அரிக்கப்படும். அந்தக் குழிகளில் தங்கும் அழுக்கை எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. ஆட்டோகிளேவின் உள்ளே ஊற்றுவதற்கு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், வாலைவடிநீரையே (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள்.

இனி, எந்தக் கருவிக்கு எந்த அளவு தூய்மை என்ற கேள்வி. மனித மருத்துவத்தில் இதற்கு ஸ்பால்டிங் என்பவர் 1968இல் வகுத்த பிரிவினையை இன்றும் பின்பற்றுகிறார்கள். நமக்கும் அது பொருந்தும். உடலின் உட்திசுவுக்கும் இரத்தத்துக்கும் போகிற கருவிகள் முழுமையாகக் கிருமி நீக்கப்பட வேண்டும். சளிச்சவ்வைத் தொடுகிற கருவிகளுக்குக் குறைந்தது உயர்நிலைக் கிருமிநீக்கமாவது, அதாவது வித்துகள் (சில பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்க எடுக்கும் கடினமான வடிவம்) தவிர மற்றக் கிருமிகளை அழிப்பதாவது, வேண்டும். முழுமையான தோலை மட்டும் தொடுபவற்றுக்குக் கழுவித் துடைத்தால் போதும். ஈ.டி. டியூப்பும் லாரிங்கோஸ்கோப் பிளேடும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. குளோர்ஹெக்சிடின் பல பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் வித்துகளை அழிக்காது, நாயின் பார்வோ வைரஸ், பூனையின் கலிசி வைரஸ் போன்ற உறையற்ற வைரஸ்களிடம் அதன் வலு குறைவு. நாள்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும் கரைசலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரவும் செய்யும். ஆகவே ஒரே வாளியை வாரம் முழுவதும் வைத்திருக்கும் வழக்கம் எங்கும் இருக்கக் கூடாது.

எந்த மருந்தும் அழுக்கின் மேல் வேலை செய்யாது என்பதால், வேலையின் பெரும்பகுதி கழுவுவதில்தான் இருக்கிறது. டியூப்பை உருவிய உடனே, சளி காய்வதற்கு முன், மேசை அருகிலேயே வைத்திருக்கும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அதைக் கட்டியிருந்த காஸ் துணியை எறிந்துவிடுங்கள். கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; கொதிநீர் புரதத்தை உறையவைத்து டியூப்பின் உட்சுவரில் ஒட்டவைத்துவிடும். என்சைம் கலந்த கழுவு திரவம் கிடைக்கிறது, விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் ஆடுகளுக்கு மயக்கம் கொடுக்கிறவர்கள் அதை வாங்கியே ஆக வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் அசைபோடும் விலங்குகளில் இரைப்பையிலிருந்து மேலேறி வருவது டியூப்பின் வெளிப்புறத்திலும், நுனிக்கு அருகே காற்றூதி விரிக்கும் பையான கஃப்பின் மடிப்புகளிலும் அப்பிக்கொள்கிறது. உள்விட்டத்துக்குப் பொருத்தமான குழாய்த் தூரிகையை ஒரு முனையில் செலுத்தி மறுமுனையில் வெளிவரும் வரை தள்ளித் தேய்க்க வேண்டும்; நுனியின் பக்கவாட்டில் உள்ள மர்ஃபி துளையையும் மறக்கக் கூடாது. கஃப்பைச் சிறிது காற்றூதி விரித்துத் தேய்த்தால்தான் மடிப்புக்குள் இருப்பது வெளியே வரும். கஃப்புக்குக் காற்றுச் செலுத்தும் வெளிப்பக்கச் சிறு பலூனான பைலட் பலூனின் வால்வுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புகுந்தால் கஃப் பிறகு ஒழுங்காக விரியாது.

பூனைக்குட்டிகளுக்குப் பயன்படும் 2.5, 3 மில்லிமீட்டர் டியூப்களை மறுபடி பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகும் என்பது பாய்ம விதி; அவ்வளவு ஒல்லியான குழாயில் காய்ந்த சளியின் ஒரு துணுக்கு நின்றாலே குட்டியின் மூச்சு அடைபடும், அதன் உள்ளே தூரிகையும் சரியாகப் போகாது. சாதாரண பி.வி.சி. டியூப்களின் உறையில் 2 என்ற எண்ணின் மேல் குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறியைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறைக்கு மட்டும் என்பதே அதன் பொருள். பெரிய அளவுகளை நம் துறையில் பலரும் கழுவிப் பயன்படுத்துகிறார்கள், நானும் செய்கிறேன், ஆனால் அந்தப் பொறுப்பு தயாரித்தவரை விட்டு நம் தலைக்கு வந்துவிடுகிறது என்பதை அறிந்தே செய்கிறேன்.

கழுவி அலசிய பிறகு எதைச் செய்வது என்பது டியூப்பின் பொருளைப் பொறுத்தது. சிலிக்கோன் டியூப்களும் குரல்வளையின் மேல் பொருந்தும் சிலிக்கோன் லாரிஞ்சியல் மாஸ்க்குகளும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி வெப்பத்தைத் தாங்கும். கஃப்பிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகே வைக்க வேண்டும், இல்லையேல் உள்ளே மிஞ்சிய காற்று சூட்டில் விரிந்து கஃப்பைக் கிழித்துவிடும். பி.வி.சி. அந்தச் சூட்டில் உருக்குலைந்து வளைவு மாறிவிடும். சிவப்பு ரப்பர் டியூப் ஓரிரு முறை தாங்குவது போலத் தெரிந்தாலும் சீக்கிரம் வெடித்துப் பிசுபிசுக்கும்; இன்று அதை வாங்காமலிருப்பதே நல்லது.

பி.வி.சி.க்கு நம் கையில் இருக்கும் வழி 2 சதவீதக் குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசல். நன்கு கழுவிய டியூப்பை அதில் முழுவதும் மூழ்கும்படி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காதபடி, புட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும். உயர்நிலைக் கிருமிநீக்கத்துக்குப் பொதுவாக 20 நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை எழுதியிருப்பார்கள். வித்துகளும் அழிய வேண்டுமானால் சுமார் 10 மணி நேரம் ஆகும். தூள் சேர்த்துத் தயாரித்த கரைசல் பெரும்பாலும் 14 நாளைக்குத்தான். ஈரம் சொட்டச் சொட்டப் பொருள்களைப் போட்டுக்கொண்டிருந்தால் கரைசல் நீர்த்துப்போய், அந்த 14 நாளுக்கு முன்பே வலுவிழக்கும். ஆகையால் டியூப்பை உதறி வடியவிட்டுப் போடுவதும், சோதனைப் பட்டையால் வலுவைப் பார்ப்பதும் அவசியம். தயாரித்த தேதியை டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

குளுட்டரால்டிஹைடில் எனக்கு மிகுந்த கவலை தருவது அதன் மிச்சம். சரியாக அலசாத டியூப்பை நாயின் மூச்சுக்குழாயில் வைத்தால் சளிச்சவ்வு வெந்து புண்ணாகும். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்திருக்க, மறுநாள் நாய் விடாமல் இருமும், உரிமையாளர் தையல் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகமூடியில் மிச்சம் இருந்தால் கண்ணின் கருவிழியில் புண் வரும். ஏராளமான நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது உள்ளும் புறமும் அலசுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில். கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நல்லது. குளுட்டரால்டிஹைடின் ஆவி மனிதரின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். மூடியுள்ள தொட்டியில், சன்னல் திறந்த அறையில், தடித்த கையுறையோடு மட்டுமே இந்த வேலை நடக்க வேண்டும். ஃபீனால் கலந்த திரவங்களைப் பூனைகளுக்கான எந்தக் கருவிக்கும் பயன்படுத்த வேண்டாம். பூனையின் கல்லீரலால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடியாது.

கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கும். அங்கே கொடுத்து வாங்குவதாயின் பொருள்கள் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், திரும்பி வந்த பிறகு வாயு வெளியேறும் வரை, சாதாரண அறையில் பி.வி.சி.யானால் ஒரு வாரமாவது, காத்திருக்க வேண்டும்.

மூச்சுச் சுற்றுக் குழாய்களையும் ரிசர்வாயர் பையையும் ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் ஊறவைப்பது சிறு மருத்துவமனையில் நடக்காது. நாள் முடிவில் கழுவி, இருமலோ மூக்கொழுகலோ உள்ள விலங்குக்குப் பயன்படுத்தியிருந்தால் உடனே பிரித்து எடுத்துக் கழுவுவது என்று வைத்துக்கொள்ளலாம். நாய்களின் தொற்று இருமலுக்குக் காரணமான போர்டெட்டெல்லா என்ற பாக்டீரியா இந்த வழியாகப் பரவக்கூடியது. குழாய்க்குள் குழாயாக அமைந்த பெயின் சுற்றைக் கழுவினால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: உள்குழாய் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் விலங்கு தான் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆக்சிஜனை ஓடவிட்டு, 2 மில்லி சிரிஞ்சின் தண்டால் உள்குழாயின் முனையை ஒரு நொடி அடைத்தால், வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரின் மிதவை சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்தச் சுற்றை எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை ஒருபோதும் நனைக்காதீர்கள், வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய கலத்துக்கும் தண்ணீர் ஆகாது. லாரிங்கோஸ்கோப்பின் பிளேடை மட்டும் கழுவி, கைப்பிடியை அப்படியே பெட்டியில் வைப்பது பல இடங்களில் நடக்கிறது. நாயின் வாயிலிருந்து எடுத்த பிளேடை மடக்கும்போது அது கைப்பிடியைத்தான் தொடுகிறது. பேட்டரியை எடுத்துவிட்டு அதையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரின் நாக்குக் கிளிப்புக்கும் அதே ஆல்கஹால்தான், கழுவு திரவத்தால் துடைத்த பிறகு.

உலர்த்துவதில் நம் கரை மிகவும் சிரமம் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொங்கவிட்ட குழாய் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஈரமாக உறையிலிட்ட டியூப்பில், அதுவரை செய்த எல்லாவற்றையும் மீறி, கிருமி மறுபடி வளரும். அதற்காக மொட்டைமாடி வெயிலில் போடுகிறவர்கள் உண்டு. வெயில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசும். கதவுள்ள அலமாரி ஒன்றில் சிறு மின்விசிறியைப் பொருத்தி, டியூப்களை நுனி கீழாகத் தொங்கவிடுவதே எங்கள் ஏற்பாடு. முழுவதும் உலர்ந்த பிறகுதான் அவை உறைக்குள் போகும்.

கழுவுகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருநாய்க் கருத்தடைப் பணியில் ஈடுபடுகிறவர்களாக இருந்தால், டியூப்பில் இருப்பது தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத நாயின் எச்சில். ரேபீஸ் வைரஸ் சோப்புக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும் எளிதில் அழிந்துவிடும், ஆனால் அழியும் வரை அது கழுவுகிறவரின் கையில் இருக்கிறது. எங்களிடம் இந்த வேலையைச் செய்யும் அக்காவுக்கு முன்தடுப்பு ஊசி போட்ட பிறகே தொட்டியின் அருகில் நிற்க விட்டோம். தூரிகையை இழுக்கும்போது துளிகள் முகத்தில் தெறிக்கும் என்பதால் தேய்ப்பதைத் தண்ணீருக்கு அடியில் செய்யச் சொல்லுங்கள், கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ரேபீஸ் என்று சந்தேகம் வந்த நாய்க்கு வைத்த டியூப்பைக் கழுவவே வேண்டாம், கழிவில் சேர்த்துவிடுங்கள்.

பயன்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு டியூப்பையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடாகப் பாருங்கள், கஃப்பை ஊதிச் சில நிமிடங்கள் விட்டுத் தளர்கிறதா என்று கவனியுங்கள். மடிந்த தடம் விழுந்தது, பிசுபிசுப்பது, நிறம் மங்கியது, கஃப் ஒருபக்கமாகப் புடைப்பது ஆகிய எதுவும் அலமாரிக்குத் திரும்பக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். இத்தகைய குழாய்கள் சிவப்புப் பைக்குரியவை. பைலட் பலூனை வெட்டி, டியூப்பையும் குறுக்கே நறுக்கிவிட்டுப் போடுங்கள், யார் கையிலும் அது மறுபடி டியூப்பாகப் போய்ச் சேராது.