பகல் பத்தியை ஏன் வெட்டி எறிந்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

மெல்பேர்னில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் அலுமாரித் தட்டுகளில் 1979 முதல் 1988 வரையான பத்திரிகைத் தாள்கள் விரித்திருந்தன. எல்லாம் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல். 1979 தாளில் 0 என்ற அலைவரிசையில் ‘பிரிசனர்’ தொடர். 1981இல் அதே 0இல் இத்தாலியப் படம். இது எப்படி? மாலை ஆறுக்குப் பிந்திய பகுதிகளை மட்டும் வெட்டிக் கோப்பில் வைத்துவிட்டு, மிச்சத்தை எறிந்துவிட்டேன். நாலைந்து அலைவரிசையோடு அந்தக் காலம் எவ்வளவு நிம்மதி!

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன கிழமை அம்மாவின் திவசம். அவர் ரீவி பார்த்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வருகிறது.

சரி, முதலில் அந்த 0. மெல்பேர்னில் அந்த எண் 1964இலிருந்து ஒரு வணிக நிலையத்திடம் இருந்தது. 1980 ஜனவரியில் அது 10க்கு மாறியது. அதே ஆண்டு ஒக்டோபர் 24இல் எஸ்பிஎஸ் என்ற பன்மொழி அரச ஒளிபரப்பு நிறுவனம், காலியான 0இலும் 28இலும் ஒளிபரப்பைத் தொடங்கியது. இத்தாலியப் படம் அவர்களுடையது. 1986 ஜனவரியில் 0ஐ மூடிவிட்டார்கள். பிறகு 28ஐப் பிடிக்க யூஎச்எஃப் என்ற தனி வகை அன்ரனா வேண்டும். கூரையில் அது நின்றால் உள்ளே வேற்றுமொழிக்காரர் இருக்கிறார் என்று ஊகிக்கலாம். இல்லாவிட்டால் பிரெஞ்சுப் படப் பைத்தியம்.

நிம்மதி பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. உங்கள் வயதில், தான் பிறக்காத காலமெல்லாம் நிம்மதியாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் கத்தரிக்கோலை மன்னிக்க மாட்டேன். ஆறு மணிக்குப் பிறகு என்ன போனது என்று ஊருக்கே தெரியும். செய்தி, தொடர், படம். அதைப் பற்றி எழுதவும் ஆளிருக்கிறது. பகல் நிகழ்ச்சிகளின் பத்தியைக் கேட்பார் இல்லை. பிள்ளை வளர்த்தவர்கள், வேலை போனவர்கள், வயோதிபர், இரவு வேலை முடித்து வந்து நித்திரை வராமல் கிடந்த என்னைப்போன்ற சனம், எல்லோரும் அந்தப் பத்தியில்தான் இருந்தோம். ‘கவுண்ட்டவுன்’ ஏபிசி என்ற அரச ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயர்போன இசை நிகழ்ச்சி. அதன் எழுபதுகளின் நாடாக்களிலேயே பலவற்றை அழித்துவிட்டார்கள். அதற்கே அந்தக் கதி என்றால், காலை பத்து மணிக்குப் போனதற்கு யார் காவல்? உங்கள் அலுமாரித் தாள்தான் தம்பி, காவல். அதைப் போய் வெட்டினீர்களே!

‘கன்பரா டைம்ஸ்’ பத்திரிகை 1995 வரை ட்ரோவ் என்ற தேசிய நூலக இணையத்தளத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். அது கன்பராக்காரர் பார்த்தது. 1989 வரை அங்கே ஒரேயொரு வணிக நிலையம்தான்.

அம்மா 1988இல் ஊரிலிருந்து என்னிடம் வந்தார். நான் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் பக்கத்து அறையில் படுத்திருப்பேன். அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஏபிசியில் ‘பிளே ஸ்கூல்’ பார்ப்பார். 1966இலிருந்து ஓடும் குழந்தைகள் நிகழ்ச்சி அது. வட்டம், சதுரம், வளைவு என்று யன்னல்கள் இருக்கும். ஏதாவது ஒன்றின் ஊடாக வெளியே கூட்டிப்போவார்கள். எந்த யன்னல் என்பதுதான் பந்தயம். அம்மா எப்போதும் வட்டத்தின் பக்கம். சதுரம் வந்துவிட்டால் எனக்கு நித்திரை போய்விடும். ரீவிக்கு அப்படி ஏச்சு விழும். மத்தியானம் ஒன்பதாம் அலைவரிசையில் தொகுப்பாளர் ரே மார்ட்டின் வருவார். அம்மாவுக்கு அவர் ‘மத்தியானத் தம்பி’. அவர் வந்தால் சோறு போடும் நேரம். சுவரில் மணிக்கூடு தொங்கியது, அம்மா அதை நிமிர்ந்தும் பார்த்ததில்லை.

ஒருநாள் மருந்துக்கடையில் பிரஷர் குளிசையின் பெயர் அம்மாவுக்கு வரவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே விரலால் வட்டம் போட்டு, “ரவுண்ட்! நோ ஸ்குவெயர்!” என்றார். கடைக்காரப் பெண் சரியான குளிசையை எடுத்து வைத்தாள். அந்த மூன்று சொல்லும் எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் வந்தன என்பது நீங்கள் வெட்டி எறிந்த துண்டில் அச்சாகியிருக்கிறது.

உங்கள் தெருவில் பழைய தாள் போடும் மஞ்சள் மூடித் தொட்டியை எந்த நாள் எடுப்பார்கள்? கடிதத்தில் அதை எழுதவில்லை. இதை வாசித்ததும் எழும்பிப் போய்ப் பாருங்கள்.