கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் தெரிந்த கட்டி

கேள்வி: எனக்கு வயது 52. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், இடப்பக்க அட்ரீனல் சுரப்பியில் 1.8 செ.மீ. கட்டி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டியை அப்படியே விட்டுவிடலாமா? மகனுக்கும் பரிசோதனை தேவையா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அட்ரீனல் என்பது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பி. வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில் அதில் கட்டி தற்செயலாகத் தென்படுவது, வயது ஏற ஏற அடிக்கடி நேர்வதுதான். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால், தொந்தரவு இல்லை என்று எழுதிய கையோடு இரத்த அழுத்த மாத்திரையைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, என் கண் அந்த வரியில்தான் நின்றது. அட்ரீனல் மிகையாகச் சுரக்கும்போது, அது பல ஆண்டுகள் வெறும் இரத்த அழுத்தமாகவோ சர்க்கரையாகவோ மட்டுமே வெளித்தெரியலாம்; அதைச் சாதாரண நோய் என்றே நினைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

எனவே உங்களுக்கு முதலில் தேவை, ஆல்டோஸ்டிரோன், ரெனின் ஆகிய இரண்டின் விகிதத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. அட்ரீனல் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும்; ரெனின் அதைத் தூண்டிவிடும் சிறுநீரகச் சுரப்பு. ஆனாலும் பொட்டாசியம் சரியாக இருப்பதை மட்டும் வைத்து ஆல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கவில்லையென்று சொல்லிவிட முடியாது. பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் திடீரென நிறுத்தி உப்பைக் கடுமையாகக் குறைத்தால் முடிவு தவறாக வரக்கூடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் முடிவை மாற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது, அட்ரீனல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால். இரவு பதினொரு மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்கு (ஒரு டெசிலிட்டரில்) மேல் போகாமல் இருந்தால் கவலையில்லை. நள்ளிரவில் எச்சில் எடுத்துச் செய்யும் பரிசோதனையும் உண்டு, ஆனால் தூக்க நேரம் மாறிக்கொண்டே இருக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு அது சரிவராது.

உங்கள் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்லுக்கான ஸ்கேன் பெரும்பாலும் சாயம் ஏற்றாமல் எடுக்கப்படுவதால், கட்டியின் அடர்த்தியை அதிலேயே அளந்துவிடலாம். ரிப்போர்ட்டில் அந்த அளவு இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டி முழுக்க ஒரே சீராக இருந்து, அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேற்படாவிட்டால், அது கொழுப்பு மிகுந்த தீங்கற்ற கட்டி. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கூடுதலாக இருந்தால், மேற்கொண்டு ஸ்கேனும் மெட்டாநெஃப்ரின் என்ற பரிசோதனையும் தேவைப்படும். அட்ரினலினைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைக் கண்டுபிடிப்பது இதுதான். சுமார் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்த பிறகே இதற்கு இரத்தம் எடுக்க வேண்டும்.

மகனுக்கு இப்போது எதுவும் வேண்டாம். உங்களுக்கு ஃபியோகுரோமோசைட்டோமா உறுதியானால் மட்டும் மரபணுப் பரிசோதனை செய்து, மாற்றம் தெரிந்தால் அவரையும் அறிகுறி வருமுன்பே கண்காணிக்கத் தொடங்கலாம்.

உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள பொது மருத்துவப் பிரிவில் ஸ்கேனையும் மாத்திரைச் சீட்டையும் காட்டித் தொடங்குங்கள். ஃபியோகுரோமோசைட்டோமா இல்லையென்று தெளிவாகும்வரை, கட்டியில் ஊசி குத்தித் திசு எடுக்கவோ, மயக்க மருந்து கொடுத்துக் கல்லை அகற்றவோ ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டி இருப்பது தெரியாமல் செய்தால், மேசையிலேயே இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு எகிறிவிடும்.