டன்னுக்கு 2 கிராம் தங்கம் இருந்தால் சுரங்கம் லாபம் தருமா?

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், ரவூப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரின் கேள்வி இது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் அடியிலுள்ள கனிமம் மாநில அரசுடையது. உரிமம்தான் முதல் படி.

அடுத்து, வெட்டுவரம்புத் தரம், அதாவது செலவை ஈடுகட்ட ஒரு டன் பாறையில் குறைந்தது இருக்க வேண்டிய தங்கம். ஒரு டன்னுக்கு மொத்தச் செலவு 300 வெள்ளி, கிராம் விலை 400 வெள்ளி, மீட்பு (பாறையிலுள்ள தங்கத்தில் கைக்கு வரும் பங்கு) 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 400-இல் 80 விழுக்காடு 320. 300-ஐ 320-ஆல் வகுத்தால் 0.94 கிராம். அதற்குக் கீழான பாறையை வெட்டி ஆலைக்கு அனுப்பினால் நட்டம்தான்.

2 கிராம் என்பது எதன் சராசரி என்று கட்டாயம் கேளுங்கள். 1 மீட்டர் தடிமனுள்ள, டன்னுக்கு 5 கிராம் தங்கமுள்ள நரம்பை (பாறைக்குள் ஓடும் தங்கக் கீற்றை) 1.5 மீட்டர் அகலத்தில் வெட்டினால், வெறும் பாறை கலந்து தரம் 3.3-ஆக இறங்கிவிடும். பல சுரங்கங்களின் லாபம் கரைவது இந்த அரை மீட்டரில்தான்.

பாறையின் நிறத்தையும் பாருங்கள். மேலே பழுப்பேறிய பாறை, தங்கத்தைக் கரைக்கும் சயனைடு கரைசலில் எளிதில் தங்கத்தை விடும். கீழே சாம்பல் பாறையில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் தங்கம் பூட்டிக்கிடந்தால், நன்றாக அரைத்தாலும் மீட்பு சரியும். விரலில் தேய்த்தால் அடுப்புக்கரிபோல் ஒட்டும் கறுப்புப் பாறை இன்னும் மோசம். அதிலுள்ள கரி, கரைந்த தங்கத்தையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு, கரைக்கும் தொட்டியிலேயே தூண்டப்பட்ட கரியைப் போட வேண்டும்; பாறையின் கரிக்கு முன்பே அது தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பாறையானாலும் சயனைடு தொட்டியில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை (pH) 10.5-க்கு மேல் வையுங்கள். குறைந்தால் நச்சு வாயு கிளம்பும், ஆள் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஆலைக்குப் பணம் போடுமுன் மூன்று வகைப் பாறையையும் தனித்தனியாகத் துளையிட்டு எடுத்து, தனித்தனியாகவே மீட்புச் சோதனை செய்யுங்கள். கலந்து அனுப்பிய மாதிரி எதையும் சொல்லாது.