ஹெச்டிஆர் படம் பகலில் மங்குவது ஏன்?

கேள்வி: ஹெச்டிஆர் படங்கள் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டுபவை) என் டிவியில் இரவில் அருமை, பகலில் முகமே தெரியவில்லை. பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிறது. என்ன வழி?

பதில்: பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். பல டிவிகளில் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். பேக்லைட் (திரைக்குப் பின்னாலுள்ள விளக்கு) உச்சத்தில் இருக்கிறதா, மின்சேமிப்பு மோடு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெச்டிஆரில் ஒரு வகையான ஹெச்டிஆர்10 படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் என்று பதிவாகியே வருகிறது. அதுவும் மங்கலான அறையில் பார்த்துத் தீர்மானித்த அளவு. 1,000 நிட்டுக்குத் தயாரான படத்தை 400 நிட் திரை காட்ட வேண்டுமென்றால் உச்ச வெளிச்சத்தை அமுக்கியாக வேண்டும். இதுதான் டோன் மேப்பிங். அமுக்காமல் வெட்டினால் மேகமும் விளக்கும் வெறும் வெள்ளைத் திட்டு. அளவுக்கு மீறி அமுக்கினால் முகம் இருண்டுவிடும்.

மெனுவில் 'டைனமிக் டோன் மேப்பிங்' இருந்தால் பகலில் மட்டும் போடுங்கள். காட்சிக்குக் காட்சி அலசி, நடு வெளிச்சத்தைத் தூக்கிவிடும். இயக்குநர் நினைத்த அளவு இல்லைதான். முகம் தெரியாமல் பார்ப்பதற்கு இது மேல். ஹெச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷன் படமென்றால் பகலுக்கு 'பிரைட்', இரவுக்கு 'டார்க்' மோடு.

ஒன்று: இவற்றை ஹெச்டிஆர் படம் ஓடும்போதே மாற்றுங்கள். பெரும்பாலான டிவிகளில் சாதாரண சேனலில் செய்த மாற்றம் இதில் ஏறாது.